1929 கிராஷ்: ஷேர் விழுந்தது ஒரு வாரம், ஊர் விழுந்தது மூணு வருஷம்

1929ல அமெரிக்க ஜனத்தொகை சுமார் 12 கோடி. அதுல ஷேர் புரோக்கர்கிட்ட அக்கவுண்ட் வச்சிருந்தவங்க 15 லட்சத்து சொச்சம் பேர், அதுலயும் கடன் வாங்கி ஷேர் வாங்குற மார்ஜின் அக்கவுண்ட் ஒரு 6 லட்சம் தான். பின்னாடி செனட் கமிட்டி தோண்டினப்போ வெளிய வந்த கணக்கு இது. ஆனா 1933ல வேலை இல்லாம தெருவுல நின்னவங்க 1 கோடியே 28 லட்சம் பேர், அதாவது வேலைக்கு போற ஆளுங்கள்ல நாலு பேருக்கு ஒருத்தர். நூத்துக்கு ஒருத்தர் ஆடின ஆட்டத்துல, வாழ்க்கைல ஒரு ஷேர் கூட வாங்காத நாலுல ஒருத்தன் வேலை எப்படி போச்சு? 1929 அக்டோபர்ல நியூயார்க் ஷேர் மார்க்கெட் சரிஞ்ச அந்த கிராஷ் பத்தி நம்மாளுங்க பேசும்போது அக்டோபர் கதையோட நிறுத்திடுவாங்க, புரோக்கருங்க ஜன்னல்ல இருந்து குதிச்சாங்கன்னு ஒரு பிட்டையும் சேத்துப்பாங்க (அது பெரும்பாலும் புருடா, நியூயார்க்ல அந்த அக்டோபர் நவம்பர் தற்கொலைங்க அதுக்கு முந்தின கோடை மாசங்களை விட கம்மி தான்). என்னைக் கேட்டா நிஜமான கதை 1930 டிசம்பர்ல தான் ஆரம்பிக்குது. ஆனாலும் வரிசையா வருவோம்.

ஏறின விதம்

1921 ஆகஸ்ட்ல டவ் ஜோன்ஸ் (பெரிய அமெரிக்க கம்பெனிங்களோட ஷேர் விலையை வச்சு போடுற குறியீட்டு எண், சுருக்கமா டவ்) 64 கிட்ட கிடந்துச்சு. 1929 செப்டம்பர் 3ம் தேதி 381.17. எட்டு வருஷத்துல ஆறு மடங்கு. இதுல பாதி வரைக்கும் நியாயமான ஏத்தம் தான், கார், ரேடியோ, கரண்ட், ஃபிரிட்ஜ்னு புதுசு புதுசா வந்துட்டு இருந்த காலம், கம்பெனிங்க நிஜமாவே லாபம் பாத்துச்சு. மிச்ச பாதி தான் வில்லங்கம். ஆர்சிஏன்னு ரேடியோ கம்பெனி, 1928 ஒரே வருஷத்துல 85ல இருந்து 420க்கு போச்சு, அது வரைக்கும் ஒரு பைசா டிவிடெண்ட் (ஷேர் வச்சிருக்கிறவங்களுக்கு லாபத்துல பங்கு) குடுத்தது இல்ல.

எண்ணெய் ஊத்தினது மார்ஜின். 100 டாலர் ஷேருக்கு நீங்க 10, 20 டாலர் போட்டா போதும், மிச்சத்தை புரோக்கர் கடனா போடுவார், ஷேரையே அடமானமா வச்சுப்பார். 10 டாலர் போட்டு வாங்கின ஷேர் 130 ஆச்சுன்னா உங்க 10, 40 ஆயிடும். 90க்கு வந்துச்சுன்னா உங்க காசு சுத்தமா காலி, அதுக்கு கீழ போனா கடன்காரன். 1929ல பல புரோக்கருங்க பயந்துபோய் மார்ஜினை 40, 50 சதவீதம் வரைக்கும் ஏத்தினாங்க, ஆனா அதுக்குள்ள மொத்த புரோக்கர் லோன் 850 கோடி டாலர் கிட்ட வந்துடுச்சு. அந்த கடனுக்கான வட்டி, கால் மணி (call money) ரேட்டுன்னு சொல்லுவாங்க, 1929 மார்ச்ல ஒரு நாள் 20 சதவீதம் தொட்டுச்சு. இவ்ளோ வட்டி கிடைச்சா யாருக்கு தான் கை அரிக்காது? ஸ்டீல் பண்ற கம்பெனி, எண்ணெய் எடுக்குற கம்பெனி எல்லாம் மிஷின் வாங்க வச்சிருந்த காசை எடுத்து புரோக்கருங்களுக்கு கடன் குடுத்துச்சு. அமெரிக்காவோட மத்திய வங்கியான ஃபெடரல் ரிசர்வால (சுருக்கமா ஃபெட்) பேங்குங்களைத் தான் கண்டிக்க முடியும், ஸ்டீல் கம்பெனியை என்ன பண்றது.

கண்டிச்ச லட்சணத்தையும் சொல்லணும். அந்த மார்ச்ல மார்க்கெட்டுக்கு கடன் குடுக்காதீங்கன்னு ஃபெட் மறைமுகமா மிரட்டிட்டு இருக்கும்போதே, நேஷனல் சிட்டி பேங்க் தலைவர் சார்லஸ் மிட்செல் நாங்க 2.5 கோடி டாலர் இறக்குறோம்னு பகிரங்கமா அறிவிச்சார். அவர் அப்போ நியூயார்க் ஃபெட்ல ஒரு டைரக்டரும் கூட! சரி, ஆகஸ்ட்ல தைரியம் வந்து ஃபெட் வட்டியை 5ல இருந்து 6க்கு ஏத்தினாங்க, ஆனா 15, 20 சதவீத லாபத்தை கனவு காணுறவனுக்கு ஒரு சதவீதம் என்ன உறைக்கும், உறைச்சது கடைக்காரனுக்கும் ஃபேக்டரிக்காரனுக்கும் தான். தொழில் உற்பத்தி அந்த கோடையிலயே இறங்க ஆரம்பிச்சிடுச்சு. இதை யாரும் கவனிக்கல.

அந்த ஒரு வாரம்

செப்டம்பர் 5ம் தேதி ரோஜர் பாப்சன்ங்கிற முதலீட்டு ஆலோசகர் இன்னைக்கோ நாளைக்கோ பெரிய அடி இருக்குன்னு சொன்னார், சிரிச்சாங்க. அதே மாசம் லண்டன்ல கிளாரன்ஸ் ஹாட்ரிங்கிற தொழிலதிபரோட மோசடி வெடிச்சு அங்க மார்க்கெட் ஆடிப்போச்சு. அக்டோபர் நடுவுல ஏல் யுனிவர்சிட்டி பேராசிரியர் இர்விங் ஃபிஷர், அன்னைக்கு அமெரிக்காவோட நம்பர் ஒன் பொருளாதார நிபுணர், ஷேர் விலை இனி இறங்காத உயரமான ஒரு சமவெளிக்கு வந்துடுச்சுன்னு சொன்னார். ஒன்பதாவது நாள் கிராஷ். இவர் பேரை ஞாபகம் வச்சுக்கோங்க.

அக்டோபர் 24 வியாழன். காலைல இருந்தே வித்து தள்ளுறாங்க, வாங்க ஆள் இல்ல. இதுல கொடுமை என்னன்னா டிக்கர் மிஷின். ஒவ்வொரு டிரேடும் டெலிகிராஃப் கம்பி வழியா காகித நாடால அடிச்சு நாடு பூரா போகும், அதைப் பாத்து தான் விலை தெரியும். அன்னைக்கு வந்த லோடுக்கு மிஷினால ஓட முடியல, மத்தியானம் நாடால ஓடுறது காலைல நடந்த விலை. சிகாகோலயோ சான் பிரான்சிஸ்கோலயோ உக்காந்திருக்கிறவனுக்கு தன் ஷேர் இப்போ என்ன விலைன்னு தெரியாது, தெரியாததனாலயே என்ன விலைக்காவது வித்துடுன்னு ஆர்டர் போடுறான், அந்த ஆர்டர் போய் விலையை இன்னும் இறக்குது. மார்க்கெட் மூணு மணிக்கு மூடியாச்சு, டிக்கர் அடிச்சு முடிச்சது ராத்திரி ஏழு மணி தாண்டி. கைமாறினது 1 கோடியே 29 லட்சம் ஷேர்.

மத்தியானம் ஜே.பி. மார்கன் ஆபீஸ்ல பெரிய பேங்க் தலைவருங்க கூடினாங்க. அதுக்கப்புறம் நியூயார்க் ஸ்டாக் எக்ஸ்சேஞ்சோட துணைத்தலைவர் ரிச்சர்ட் விட்னி டிரேடிங் நடக்குற தளத்துக்கு வந்து, யு.எஸ். ஸ்டீல் 10,000 ஷேர் 205 டாலருக்கு வாங்குறேன்னு எல்லாரும் கேக்குற மாதிரி சத்தமா சொன்னார், அப்போ அந்த ஷேர் அதை விட கீழ ஓடிட்டு இருந்துச்சு. கூட்டத்துக்கு உயிர் வந்துச்சு, அன்னைக்கு டவ் 2 சதவீத நஷ்டத்தோட தப்பிச்சுது. விட்னி ஹீரோ. (இதே விட்னி கஸ்டமர் பணத்தை கையாடினதுக்கு 1938ல சிங் சிங் ஜெயிலுக்கு போனார். அந்த மீட்டிங்ல இருந்த சேஸ் பேங்க் தலைவர் ஆல்பர்ட் விகின் தன் பேங்க் ஷேரையே ஷார்ட் அடிச்சு (அதாவது விலை இறங்கும்னு பந்தயம் கட்டி) 40 லட்சம் டாலருக்கு மேல சம்பாதிச்சது பின்னாடி விசாரணைல வந்துச்சு, அப்போ அது சட்டப்படி தப்பு கூட இல்ல.)

சனி ஞாயிறு பூரா மார்ஜின் கேட்டு தந்தி பறந்துச்சு. பணம் கட்ட முடியாதவன் ஷேரை புரோக்கரே விப்பான், அது விலையை இறக்கும், அடுத்தவனுக்கு மார்ஜின் பத்தாம போகும். திங்கள் 12.8 சதவீதம் காலி. செவ்வாய் 29ம் தேதி இன்னொரு 11.7, கைமாறினது 1 கோடியே 64 லட்சம் ஷேர், டவ் 230. பேங்க் தலைவருங்க இந்த தடவை யாரையும் காப்பாத்த வரல. கோல்ட்மேன் சாக்ஸ் 1928 டிசம்பர்ல 104 டாலருக்கு வித்த இன்வெஸ்ட்மெண்ட் டிரஸ்ட் (மத்த கம்பெனி ஷேரை வாங்கி வைக்கிறதே தொழிலான கம்பெனி) ஷேர் ஒண்ணு இருந்துச்சு, டிரஸ்ட்டுக்கு கீழ ஒரு டிரஸ்ட், அதுக்கு கீழ இன்னொண்ணுன்னு அடுக்கி வச்சது, கடைசில 1.75 டாலருக்கு வந்துச்சு.

ஆனா ஒண்ணு கவனிங்க. அந்த வாரத்துல நியூயார்க்ல ஒரு பெரிய பேங்க் கூட விழல. நியூயார்க் ஃபெட்ல ஜார்ஜ் ஹாரிசன்னு ஒருத்தர், மேலிடத்து அனுமதிக்கு காத்திருக்காம கவர்ன்மெண்ட் பாண்டை வாங்கி மார்க்கெட்ல பணம் இறக்கினார், வெளியாளுங்க புரோக்கர் லோனை உருவிட்டு ஓடினப்போ நியூயார்க் பேங்குங்க அதை தங்க தலைமேல ஏத்துக்கிட்டாங்க. நவம்பர் 13ல 198க்கு இறங்கின டவ், 1930 ஏப்ரல்ல 294க்கு வந்துடுச்சு, சுமார் 50 சதவீத ஏத்தம். மே 1ம் தேதி ஜனாதிபதி ஹூவர் மோசமான கட்டத்தை தாண்டிட்டோம்னு பேசினார். அன்னைக்கு தேதில அந்த பேச்சுல தப்பு சொல்ல முடியாது, பாதி பேரு அப்படித்தான் நம்பினாங்க, அடில வாங்குறோம்னு திரும்ப உள்ள வந்தவன் தான் அதிகமா செத்தான். ஏன்னா டவ் கடைசில நின்னது 1932 ஜூலை 8ல, 41.22.

பிராங்க்ஸ் கிளை

அமெரிக்கால அப்போ சுமார் 25,000 பேங்க். பெரும்பாலும் ஒரே ஒரு கிளை, ஒரு ஊரு, அந்த ஊரு விவசாயிக்கு குடுத்த கடன் தான் மொத்த சொத்து. பருத்தி விலை விழுந்தா விவசாயி விழுவான், விவசாயி விழுந்தா பேங்க். பக்கத்துல கனடால நாடு பூரா கிளை வச்ச சில பெரிய பேங்குங்க தான், அங்கயும் பொருளாதார மந்தம் கொடூரமா அடிச்சுது, ஆனா ஒரு பேங்க் கூட மூடல. 1930 நவம்பர்ல டென்னசில கால்ட்வெல்னு ஒரு நிறுவனம் கவுந்து, அதை நம்பி இருந்த தெற்கத்தி பேங்குங்க நூத்துக்கணக்குல சாத்திடுச்சு. அது கிராமத்து கதைன்னு நியூயார்க் கண்டுக்கல.

டிசம்பர் 10. பேங்க் ஆஃப் யுனைடட் ஸ்டேட்ஸ்னு நியூயார்க்ல ஒரு தனியார் பேங்க், பேரைப் பாத்து கவர்ன்மெண்ட் பேங்க்னு நினைச்சுடாதீங்க, நிறைய பேரு அப்படித்தான் நினைச்சு பணம் போட்டாங்க. சுமார் 4 லட்சம் டெபாசிட்தாரர்கள், முக்கால்வாசி யூத குடியேறிங்க, தையல் தொழிலாளிங்க, சின்ன கடைக்காரங்க. நிர்வாகமும் யோக்கியம் இல்ல, ரியல் எஸ்டேட்ல பணத்தை முடக்கி, தன் துணை கம்பெனி வழியா தன் ஷேரையே வாங்கி விலையை தூக்கி வச்சிருந்தாங்க. அன்னைக்கு நியூயார்க்கோட பிராங்க்ஸ் பகுதில இருந்த கிளைக்கு வந்த ஒரு சின்ன வியாபாரி, என்கிட்ட இருக்கிற உங்க பேங்க் ஷேரை வித்துக் குடுங்கன்னு கேட்டிருக்கார். நல்ல ஷேர் சார், வச்சுக்கோங்கன்னு ஊழியருங்க சொல்லி அனுப்பிட்டாங்க. அவர் வெளிய போய் பேங்க் என் ஷேரை திருப்பி வாங்க மாட்டேங்குதுன்னு சொல்ல, அது காதுல இருந்து காதுக்கு போகும்போது பேங்க் பணம் குடுக்க மாட்டேங்குதுன்னு ஆயிடுச்சு. மத்தியானத்துக்குள்ள கூட்டம், சாயங்காலம் 20,000 பேருக்கு மேல, குதிரை போலீஸ் வந்துச்சு. ரெண்டு டாலர் டெபாசிட்டை எடுக்க ரெண்டு மணி நேரம் வரிசைல நின்ன ஒருத்தரைப் பத்தி பத்திரிகைல வந்துச்சு. பணம் எடுத்தவங்க சில ஆயிரம் பேர் தான், போனது சுமார் 20 லட்சம் டாலர், ஆனா மறுநாள் எல்லா கிளைலயும் இதே நிலைமை வரப்போகுதுன்னு எல்லாருக்கும் தெரிஞ்சுபோச்சு.

ராத்திரியெல்லாம் மீட்டிங். மாநில பேங்கிங் சூப்பரிண்டெண்டெண்ட் ஜோசஃப் பிராடெரிக், பெரிய பேங்குங்க சேந்து 3 கோடி டாலர் போட்டா இன்னொரு மூணு பேங்கோட இணைச்சு காப்பாத்திடலாம்னு கெஞ்சினார். மாட்டேன்னுட்டாங்க. நியூயார்க் பேங்கிங் வரலாற்றுலயே மகா பெரிய தப்பை பண்றீங்கன்னு சொல்லிட்டு டிசம்பர் 11 காலைல பேங்கை இழுத்து மூடினார். அது வரைக்கும் அமெரிக்கால மூடினதுலயே பெரிய பேங்க் அது. தலைவர் பெர்னார்ட் மார்கஸும் சால் சிங்கரும் ஜெயிலுக்கு போனாங்க, நியாயம் தான். ஆனா எனக்கு வயிறு எரியுற விஷயம் வேற: பின்னாடி சொத்தையெல்லாம் வித்து தீத்தப்போ, அந்த மோசமான மந்தத்துலயும், டெபாசிட் டாலருக்கு 80 சென்ட்டுக்கு மேல திரும்ப வந்துச்சு. நல்ல காலத்துல பொறுமையா வித்திருந்தா முழுசும் வந்திருக்கும்னு வாதம் பண்றவங்க உண்டு. 1929 அக்டோபர்ல ஷேர்காரங்களுக்கு ஓடி வந்த அதே நியூயார்க், 1930 டிசம்பர்ல தையல்காரங்களுக்கு வரல.

இதுக்கப்புறம் ஜனங்க கணக்கு மாறிடுச்சு. பணத்தை எடுத்து மெத்தைக்கு அடில வச்சாங்க. பேங்குங்க அடுத்த வரிசைக்கு பயந்து கடனை திருப்பிக் கேட்டு ரொக்கத்தை பூட்டி வச்சாங்க. புழக்கத்துல இருந்த பணம், டெபாசிட்டையும் சேத்து, 1929ல இருந்து 1933க்குள்ள மூணுல ஒரு பங்கு காணாம போச்சு. 9,000 பேங்க் மூடிச்சு. பொருளாதார நிபுணருங்க மில்டன் ஃபிரீட்மனும் அன்னா ஷ்வார்ட்ஸும் கிராஷை விட இதைத்தான் முதல் குற்றவாளின்னு நிறுத்தினாங்க, நோட்டடிக்கிற அதிகாரத்தை கைல வச்சுக்கிட்டு ஃபெட் வேடிக்கை பாத்துச்சுன்னு. ஒரு சான்று வேணும்னா 1987 அக்டோபர் 19 பாருங்க, டவ் ஒரே நாள்ல 22.6 சதவீதம் விழுந்துச்சு, 1929ல எந்த நாளும் இவ்ளோ விழல. மறுநாள் காலைல ஃபெட் எவ்ளோ பணம் வேணும்னாலும் தர்றோம்னு ஒரு வரி அறிக்கை விட்டாங்க. மந்தம் எதுவும் வரல.

தங்கச் சங்கிலி

அப்போ ஃபெட் ஏன் சும்மா இருந்துச்சுன்னா, முட்டாள்தனம் மட்டும் காரணம் இல்ல. 1 அவுன்ஸ் தங்கம் 20.67 டாலர்னு டாலரைக் கட்டி வச்சிருந்தாங்க, பவுண்டு, மார்க், ஃபிராங்க் எல்லாமே இப்படித்தான். ஒரு ஊர்ல பணத்தை தாராளமா விட்டா தங்கம் அடுத்த ஊருக்கு ஓடிடும். 1931 மே மாசம் வியன்னால கிரெடிட்ஆன்ஸ்டால்ட் பேங்க் விழுந்துச்சு, ஜூலைல ஜெர்மனில டனாட் பேங்க், செப்டம்பர் 21ல இங்கிலாந்து தங்கத்தை விட்டே வெளிய வந்துடுச்சு. அடுத்து டாலர் தான்னு ஐரோப்பாக்காரங்க தங்கத்தை உருவ, அதை நிறுத்த ஃபெட் அக்டோபர்ல ரெண்டே தவணைல வட்டியை 1.5ல இருந்து 3.5க்கு ஏத்தினாங்க. லட்சக்கணக்குல வேலை போயிட்டு இருக்கிற நேரத்துல! தங்கத்தை முதல்ல விட்ட நாடுங்க முதல்ல எழுந்துச்சு, 1936 வரைக்கும் பிடிச்சு தொங்கின பிரான்ஸ் கடைசில எழுந்துச்சு. 1930 ஜூன்ல 1,000 பொருளாதார நிபுணருங்க வேண்டாம்னு கையெழுத்து போட்டும் ஹூவர் ஒப்புதல் குடுத்த ஸ்மூட்-ஹாலி இறக்குமதி வரியும் எரியுறதுல கொள்ளி தான், பதிலுக்கு மத்த நாடுங்களும் வரி போட்டாங்க, ஆனா அதையே முழுக் காரணம்னு சொல்றது மிகை.

நம்ம ஃபிஷர் ஞாபகம் இருக்கா. சொந்த காசு மொத்தமும் போச்சு, வீட்டை யுனிவர்சிட்டி வாங்கி அவருக்கே வாடகைக்கு விட்டுச்சு. அந்த மனுஷன் தான் 1933ல இதோட உள்விசையை பிரிச்சு எழுதினார். எல்லாரும் ஒரே நேரத்துல கடனை அடைக்க சரக்கை விப்பாங்க, வித்தா விலை இறங்கும், விலை இறங்கினா வருமானம் இறங்கும், ஆனா கடன் பத்திரத்துல எழுதின எண் அப்படியே நிக்கும். அடைக்க அடைக்க கடன் கனமாகும். பருத்தி 1929ல பவுண்டுக்கு 17 சென்ட் கிட்ட வித்துச்சு, 1931ல 6 சென்ட் கூட இல்ல. 17 சென்ட்ட நம்பி வாங்கின கடனை 6 சென்ட்ல அடைக்க மூணு மடங்கு பருத்தி வேணும். அமெரிக்காவோட அயோவா மாநிலத்துல கடனுக்காக நிலம் ஏலத்துக்கு வந்தா பக்கத்து விவசாயிங்க கூட்டமா போய் நின்னு வேற யாரையும் கேக்க விடாம சில சென்ட்டுக்கு ஏலம் எடுத்து சொந்தக்காரர்கிட்டயே திருப்பிக் குடுப்பாங்க. 1933 ஏப்ரல்ல லெ மார்ஸ்ங்கிற ஊர்ல ஜப்தி கேஸ் நடத்தின ஜட்ஜை கோர்ட்ல இருந்து இழுத்துட்டுப் போய் கழுத்துல கயிறு போட்டாங்க, உயிரோட விட்டுட்டாங்க.

இது நம்ம ஊர் வரைக்கும் வந்துச்சு. அமெரிக்கால கார் உற்பத்தி 1929ல 53 லட்சம், 1932ல 13 லட்சம். கார் இல்லன்னா டயர் இல்ல, டயர் இல்லன்னா ரப்பர் இல்ல. நியூயார்க்ல பவுண்டு 20 சென்ட் வித்த ரப்பர் 3 சென்ட் கிட்ட வந்துச்சு. மலாயா எஸ்டேட்ல ஆம்பளைக்கு அந்த ஊர் காசுல 50 சென்ட் இருந்த நாள்கூலி 40 ஆச்சு, அப்புறம் அதுக்கும் கீழ. 1930ல ஆள் எடுக்குறதை நிறுத்தி, அடுத்த மூணு வருஷத்துல ஒன்றரை லட்சத்துக்கும் மேல இந்திய தொழிலாளிங்களை, பெரும்பாலும் தமிழருங்களை, கப்பல் ஏத்தி திருப்பி அனுப்பினாங்க. வந்து இறங்கினா இங்கயும் நெல் விலை பாதாளத்துல, வரி மட்டும் பழைய வரி.

பர்மால ஃபிஷர் சொன்னது அட்சரம் பிசகாம நடந்துச்சு. நாட்டுக்கோட்டை செட்டியாருங்க அங்க நெல் விவசாயிக்கு நிலத்தை ஈடா வச்சு கடன் குடுத்திருந்தாங்க. நெல் விலை பாதிக்கு மேல விழுந்ததும் வட்டி கூட வரல, அசலுக்கு நிலம் தான் வந்துச்சு. கீழ் பர்மால முக்கியமான 13 நெல் மாவட்டத்துல 1930ல செட்டியாருங்க கைல இருந்த நிலம் 6 சதவீதம், 1937ல 25. அவங்களுக்கு நிலம் வேண்டியதே இல்ல, பணம் சுத்துற தொழில்ல பணம் மண்ணுல மாட்டிக்கிச்சு, ஆனா நிலத்தை இழந்த பர்மாக்காரன் கண்ணுக்கு எல்லாத்தையும் பிடுங்கினவன் செட்டியார் தான். அந்த கோபம் அரசியலாச்சு, 1942ல ஜப்பான்காரன் வந்தப்போ எல்லாத்தையும் விட்டுட்டு ஓடி வந்தவங்க கதை காரைக்குடி பக்கம் இன்னும் பேசுவாங்க. இந்தியாக்குள்ள 1931 செப்டம்பருக்கு அப்புறம் பவுண்டோட ரூபாயும் இறங்கி தங்க விலை ஏறினதும் கடனுக்கும் வரிக்கும் கட்ட வழி இல்லாத குடும்பங்க தாலிக்கொடி வரைக்கும் வித்தாங்க, காலம்காலமா தங்கத்தை வாங்குன நாடு கப்பல் கப்பலா லண்டனுக்கு ஏத்துமதி பண்ணுச்சு.

1933ம் அதுக்கப்புறமும்

1933 பிப்ரவரில மிச்சிகன் மாநிலம் பூரா பேங்க் மூடி, மார்ச் 4ல புது ஜனாதிபதியா ரூஸ்வெல்ட் பதவி ஏத்தப்போ கிட்டத்தட்ட எல்லா மாநிலத்துலயும் பேங்குக்கு பூட்டு இல்ல கட்டுப்பாடு. யு.எஸ். ஸ்டீல்ல, விட்னி 205க்கு கேட்ட அதே கம்பெனி, 1929ல ரெண்டேகால் லட்சம் பேர் முழுநேர வேலைல இருந்தாங்க, 1933 ஏப்ரல் 1ம் தேதி முழுநேர ஆள் ஒருத்தர் கூட இல்ல. ரூஸ்வெல்ட் நாடு முழுக்க பேங்குக்கு லீவ் விட்டு, 9ம் தேதி சட்டம் போட்டு, 12ம் தேதி ஞாயித்துக்கிழமை ரேடியோல வந்து பேங்க்ல போட்ட பணம் என்ன ஆகுதுன்னு சின்ன பிள்ளைக்கு சொல்ற மாதிரி விளக்கினார். திங்கள் திறந்தப்போ வரிசைல நின்னவங்க பணம் போட வந்தவங்க. 15ம் தேதி ஷேர் மார்க்கெட் திறந்து ஒரே நாள்ல 15 சதவீதம் ஏறுச்சு. அப்புறம் தங்கக் கட்டை அவுத்தார், 1934ல அவுன்ஸ் 35 டாலர்.

எனக்கு இதுல பெரிசாப் படுறது டெபாசிட் இன்சூரன்ஸ், அதாவது பேங்க் மூடினாலும் டெபாசிட்டுக்கு ஒரு அளவு வரைக்கும் காப்பு. ஆரம்பத்துல 2,500 டாலர் வரைக்கும் தான் காப்பு, 1934ல அந்த இன்சூரன்ஸ் இருந்த பேங்குல மூடினது மொத்தம் 9. நம்மூர்ல 1960ல பாலாய் சென்ட்ரல் பேங்க் விழுந்ததுக்கு அப்புறம் 1962ல வந்தது, இன்னைக்கு 5 லட்சம் வரைக்கும் இருக்கிறது, இதே ஐடியா தான்.

அதோட சுபம் போட முடியல. 1936, 37ல இனி பயம் இல்லன்னு பேங்குங்க வச்சிருக்க வேண்டிய ரிசர்வை ஃபெட் ரெட்டிப்பாக்கினாங்க, ரூஸ்வெல்ட்டும் செலவை வெட்டினார், 1938ல வேலையின்மை திரும்ப 19 சதவீதத்துக்கு போயிடுச்சு. 1940ல கூட ஏழு பேருக்கு ஒருத்தருக்கு வேலை இல்ல, அந்த எண் நிஜமா இறங்கினது உலகப்போருக்கு ஃபேக்டரிங்க ராப்பகலா ஓட ஆரம்பிச்ச அப்புறம் தான்.